சிற்பம்போல் கட்டடம்: ஃபிராங்க் கெரியைப் பார்த்துச் செய்யும்போது எங்கே சறுக்குகிறது?

கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி காகிதத்தைக் கசக்கிப் போட்டு, அதையே கட்டடமாக்கிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. ஒரு கார்ட்டூன் தொடரில் இந்தக் கேலிக்கு அவரே குரல் கொடுத்து நடித்தார். அதை உண்மை என்றே பலர் நம்பிவிட்டதால் பிறகு நொந்தும் போனார். கட்டடக்கலை மாணவர்கள் இந்த நினைப்போடு மேசையில் உட்காரும்போதே முதல் தவறு தொடங்குகிறது. வடிவத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அறைகளை அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள்.

கெரியின் அலுவலகத்தில் வேலை நேர்மாறாக நடந்தது. எந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்ற பட்டியல்தான் ஆரம்பம். ஒவ்வொரு அறைக்கும் அதன் அளவுக்கேற்ப ஒரு மரக்கட்டை வெட்டுவார்கள். அந்தக் கட்டைகளை மனையின் மாடல்மேல் அடுக்கி, கலைத்து, இடம் மாற்றிப் பார்ப்பார்கள். எது எதற்குப் பக்கத்தில் இருக்கலாம், வாசல் எந்தப் பக்கம், தெருவிலிருந்து பார்த்தால் எவ்வளவு உயரம் தெரியும் என்பதெல்லாம் ஓரளவு பிடிபட்ட பிறகே காகிதமும் அட்டையும் மேசைக்கு வரும். மாடலும் ஒன்று மட்டும் இருக்காது, சிறிதும் பெரிதுமாக வெவ்வேறு அளவுகளில் செய்வார்கள். ஒரே அளவில் மாடல் செய்துகொண்டிருந்தால் அந்த மாடல்மேலேயே காதல் வந்துவிடும், கட்டடம் மறந்துபோகும். கையடக்கமாக இருக்கும்போது அழகாகத் தெரிந்த ஒரு வளைவு, இருபது மீட்டர் உயரச் சுவராக எழும்பும்போது வெறும் மொட்டைச் சுவராக நிற்கலாம்.

2003-இல் லாஸ் ஏஞ்சலஸில் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி இசையரங்கத்தைப் பாருங்கள். வெளியே பாய்மரங்கள் போல உலோகத் தகடுகள் விரிந்து நிற்கின்றன. ஆனால் நடுவே இருக்கும் அரங்கம் அடிப்படையில் ஒரு பெட்டி. ஒலியியல் வல்லுநர் யசுஹிசா டொயோட்டாவோடு சேர்ந்து, ஒலிக்காக வடிவமைத்த பெட்டி. அதற்கும் வெளித்தகடுகளுக்கும் இடையில் கிடைத்த இடத்தில் முகப்புக் கூடமும் படிகளும் மேலிருந்து இறங்கும் வெளிச்சமும் அமைந்தன. இந்தக் கட்டடத்தை வெளியிலிருந்து மட்டும் எடுத்த படங்களை வைத்துப் படிப்பது பெரிய தவறு என்பேன். தரைப்படத்தையும் குறுக்குவெட்டுப் படத்தையும் திறந்து பார்த்தால்தான் எந்த வளைவுக்கு வேலை இருக்கிறது, எது வெறும் போர்வை என்று தெரியும்.

சரி, வடிவம் கிடைத்துவிட்டது. அடுத்த சறுக்கல் பரப்பில் வருகிறது. ஒரு தாளை ஒரு திசையில் வளைக்கலாம், சுருட்டலாம், கூம்பாக்கலாம். கிழியாது, மடிப்பு விழாது. உலோகத் தகடும் அப்படித்தான். ஆனால் பந்துபோல இரு திசையிலும் வளைந்த பரப்பைத் தட்டைத் தாளிலிருந்து செய்ய முடியாது, ஆரஞ்சுத் தோலை உரித்துத் தட்டையாக்கப் பார்த்தால் கிழிவது போலத்தான். அதற்கான ஒவ்வொரு துண்டையும் தனியாக வார்க்க வேண்டும், அல்லது அழுத்தி உருவாக்க வேண்டும். செலவு எகிறுவது இங்கேதான். கெரியின் வளைவுகளில் பெரும்பகுதி தாளை வளைத்தால் கிடைக்கும் வகை. அதோடு, விமானம் வடிவமைக்கப் பயன்பட்ட கேட்டியா மென்பொருளை அவர் அலுவலகம் கட்டடத்துக்குக் கொண்டுவந்தது. கையால் செய்த மாடலின் புள்ளிகளைக் கணினிக்குள் ஏற்றி, தகடு தகடாக அளவு எடுத்தார்கள். கணினி வடிவத்தைக் கண்டுபிடிக்கவில்லை, கட்டக்கூடியதாக ஆக்கியது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, மென்பொருள் தரும் முதல் வளைவையே ஏற்றுக்கொள்பவர்கள் இன்று ஏராளம்.

கணக்கு முடியுமுன் கட்டத் தொடங்குவதும் பழைய தவறு. சிட்னி ஓபரா ஹவுஸில் 1959-இல் அடித்தளம் போட ஆரம்பித்தபோது அதன் கூரையை எப்படிக் கட்டுவது என்றே தீர்மானமாகவில்லை. கூரையின் வளைந்த பகுதிகள் எல்லாவற்றையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுத்தது போல அமைக்கலாம் என்ற தீர்வு 1961-இல்தான் வந்தது. கட்டடம் திறந்தது 1973-இல். சுமார் 7 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் என்று போட்ட மதிப்பீடு 102 மில்லியனில் முடிந்தது. தாமதத்துக்கும் செலவுக்கும் வேறு காரணங்களும் உண்டு, அரசியலும் சேர்த்து. ஆனாலும் தொடக்கம் இங்கே.

அப்புறம் வெயில், மழை, பனி. சிற்பம் நனைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கட்டடத்துக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். டிஸ்னி அரங்கத்தின் ஒரு பகுதியில் மட்டும் கண்ணாடிபோல் மெருகேற்றிய குழிந்த தகடுகள் இருந்தன. அவை வெயிலைக் குவித்து எதிரே இருந்த குடியிருப்புகளைச் சூடாக்கின. 2005-இல் அந்தத் தகடுகளைத் தேய்த்து மங்கலாக்கினார்கள். லண்டனில் ரஃபேல் வின்யோலி வடிவமைத்த 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் கட்டடத்தின் குழிந்த முகப்பு, 2013-இல் கீழே நிறுத்தியிருந்த ஒரு காரின் பாகங்களையே உருக்கியது. குழிந்த பரப்பையும் பளபளப்பையும் ஒன்றாகச் சேர்க்குமுன் ஆண்டு முழுவதும் சூரியன் போகும் பாதையை வரைந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர் இன்னும் பொல்லாதது. சாய்ந்த சுவர் கூரையை முட்டும் ஒவ்வொரு மூலையும் ஒழுகக்கூடிய இடம். கெரி வடிவமைத்து 2004-இல் திறக்கப்பட்ட ஸ்டேட்டா சென்டரில் கசிவும் வடிகால் கோளாறும் விரிசலும் இருப்பதாக அதன் உரிமையாளரான அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007-இல் வழக்குப் போட்டது, 2010-இல் சமரசமானது. தவறு வடிவமைப்பிலா கட்டுமானத்திலா என்ற சண்டை ஒருபுறம் இருக்கட்டும். இத்தனை மூட்டுகள் உள்ள கட்டடத்துக்குப் பராமரிப்புப் பணத்தை முதல் நாளிலேயே ஒதுக்க வேண்டும்.

கடைசியாக, கட்டடம் கேட்பவர்கள் செய்யும் தவறு. ஸ்பெயினின் பில்பாவோ நகரில் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் 1997-இல் திறந்ததும் ஊரே மாறியது என்று கேட்டுவிட்டு, எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று வருவார்கள். ஆனால் 1995-இலேயே அங்கே மெட்ரோ ஓடத் தொடங்கியிருந்தது. ஆற்றைச் சுத்தம் செய்தார்கள், துறைமுகத்தை நகருக்கு வெளியே கடலை நோக்கி நகர்த்தினார்கள். அந்த மற்ற வேலைகளுக்கான பணம் தனியாக இருக்கிறதா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.