மர ஸ்டீரியோ கேமரா வாங்குமுன் எதைச் சோதிப்பது?

ஸ்டீரியோ கேமரா இரண்டு லென்ஸால் ஒரே காட்சியை இரண்டு படமாக எடுக்கும்; சேர்த்துப் பார்த்தால் முப்பரிமாணமாகத் தெரியும். 1880-களிலிருந்து 1910 வரை இங்கிலாந்தில் செய்த, ஹாஃப்-பிளேட் அளவுக் கண்ணாடித் தகட்டில் படமெடுக்கும் மகோகனி மரக் கேமராக்கள் பலவற்றில் லென்ஸ் பலகையைக் கழற்றி மாற்றலாம். அதனால் சாதாரண கேமராவில் இரட்டை லென்ஸ் பலகையைச் செருகி, ஸ்டீரியோ என்று விற்றுவிடுவது சுலபம்.

முதலில் உள்ளே நடுத்தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பிரிப்பது அதுதான். கறுப்புத் துணியாலோ மெல்லிய பலகையாலோ செய்திருப்பார்கள். பெரும்பாலும் தொலைந்திருக்கும், ஆனால் அதைப் பிடித்திருந்த காடி, கொக்கி, ஆணித்துளை முன்சட்டத்திலும் பின்சட்டத்திலும் தெரியும். தடமே இல்லையென்றால் ஸ்டீரியோ விலை கொடுக்காதீர்கள்.

அடுத்து லென்ஸ் ஜோடி. எண்கள் அடுத்தடுத்து இருந்தால் நல்ல அறிகுறி, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கேமராவைத் தூரத்துக் கட்டடத்தை நோக்கி வைத்து, கிரவுண்ட் கிளாஸில் (பின்பக்கம் படம் விழும் சொரசொரப்பான கண்ணாடி) தெளிவாக்குங்கள். கண்ணாடி உடைந்திருந்தால் டிரேசிங் பேப்பர் போதும். இரண்டு படத்திலும் அதே கட்டடத்தின் உயரத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால் குவியத் தூரம் வேறு. எப்போதோ ஒரு லென்ஸை மாற்றியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் தெளிவாகி மற்றது மங்கினாலும் அதே சந்தேகம்தான்.

துருத்தியை (லென்ஸுக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே மடிந்து விரியும் தோல் பகுதி) இருட்டறையில் சோதியுங்கள். உள்ளே சின்ன எல்.இ.டி. விளக்கை வைத்தால், ஓட்டைகள் முதலில் மடிப்பு மூலைகளில் மின்னும். காய்ந்த தோலை முழுவதும் இழுக்காதீர்கள், மடிப்பிலேயே கிழியும். தார்ன்டன்-பிக்கார்ட் நிறுவனத்தின் ரோலர் ஷட்டர் (கயிற்றால் சுற்றி இயக்கும் துணித் திரை) இருந்தால் உடனே கயிற்றை இழுத்துச் சுற்ற வேண்டாம். இறுகிப்போன துணி கிழிந்தால், மாற்றுத் துணி போட்டதற்கு விலை குறையும்.

ஸ்டார் ஸ்க்ரூ (தலையில் கூட்டல் குறிப் பள்ளம் உள்ள திருகு) தென்பட்டால் அது பிற்காலத்து வேலை. அந்த வகை 1930-களில்தான் வந்தது. அலங்காரத்துக்கென்றே புதிதாகச் செய்த பித்தளை-மரக் கேமராக்களும் சந்தையில் உண்டு. கண்ணாடித் தகட்டை வைக்கும் பிளேட் ஹோல்டரின் கீழ் மூலைகளில் சில்வர் நைட்ரேட் கறை கறுத்திருந்தால் மகிழ்ச்சியடையுங்கள்: தகட்டில் ரசாயனம் பூசி ஈரம் காயுமுன் படமெடுத்த ஈரத் தகடு காலத்து, பெரும்பாலும் 1880-க்கு முந்தைய பொருள், விலையும் அதற்கேற்ப ஏறும்.

விலைக்கு, விற்பவர் கேட்கும் தொகையை விடுங்கள். ஏலங்களில் உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள். எண் பொறித்த பிளேட் ஹோல்டர்கள் முழு வரிசையாக இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். பெயர்த்தகட்டில் இருப்பது செய்தவர் பெயரா, விற்ற கடையின் பெயரா என்பதையும் சரிபாருங்கள்.

வாங்கியபின் பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். மேலே பூசிய லாக்கர் போய்விட்டால், சேகரிப்பவர்களுக்கு ஆர்வம் பாதியாகிவிடும். மரத்தில் ஸ்பிரிட்டும் படக்கூடாது, அரக்கு பாலிஷ் கரையும். மென்மையான தூரிகை, உலர்ந்த பருத்தித் துணி போதும்.