டிசம்பரில் நிலாவெளிக்கு வராதீர்கள்

ஒரு டிசம்பர் லீவில் தம்பி குடும்பம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பிள்ளைகளுக்குத் திருகோணமலைக் கடலில் நீந்த ஆசை. நிலாவெளியில் கடலோரமாக அறை எடுத்தார்கள். மூன்று நாளும் மழை விடவில்லை, கடல் பால் தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. அறைக்குள் இருந்து கடதாசி விளையாடிவிட்டுப் போனார்கள். பதிவுசெய்யும்போதே விடுதிக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நானும்தான் சொல்லவில்லை, வருகிறார்களே என்ற சந்தோசத்தில். அதனால் இப்போது யார் கேட்டாலும் முதலில் மாதத்தைச் சொல்லச் சொல்கிறேன். இடத்தைப் பிறகு பார்க்கலாம்.

இலங்கை சின்ன நாடுதான், 65,610 சதுர கிலோமீட்டர். ஆனால் தெற்கு நடுவில் மலை நிற்கிறது. உச்சி பீதுருதாலகாலை, 2,524 மீட்டர். மேயிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் இந்த மலையில் மோதி, காலி, கொழும்பு, இரத்தினபுரிப் பக்கம் மழையைக் கொட்டிவிடும். மலையைத் தாண்டி எங்கள் கிழக்குக்கு இறங்கும்போது அது காய்ந்த சூட்டுக் காற்று. மட்டக்களப்பில் அதைக் கச்சான் என்பார்கள். (கொறிக்கிற கச்சான், அதாவது நிலக்கடலை, வேறு, அதைத் தேடி நிற்காதீர்கள்.) ஐப்பசி பிறந்தால் நிலைமை தலைகீழ். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று தை வரை வடக்கையும் கிழக்கையும் நனைக்கும். டிசம்பரிலிருந்து தெற்குக் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, மீனவரைப் பார்த்தாலே போதும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் சோளகம் தொடங்கியதும் வள்ளத்தையும் வலையையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே வந்து வாடி (கரையோரக் குடில்) போடுவார்கள். மாரி நெருங்கினால் வாடியைப் பிரித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அவர்கள் இருக்கும் கரைதான் நீங்கள் இறங்க வேண்டிய கரை.

ஜூலை, ஆகஸ்ட் லீவில் வருகிறவர்கள் கிழக்குக்கு வாருங்கள். நிலாவெளியிலிருந்து படகில் புறாமலைக்குப் போகலாம். 2003இல் தேசியப் பூங்காவாக்கிய தீவு அது. பவளப்பாறைக்கு மேலே மிதந்தபடி கறுப்புமுனைச் சுறாக்களைப் பார்க்கலாம், பொதுவாகக் கடிக்காது. முதல் படகிலேயே போய்விடுங்கள்; பத்து மணிக்குப் பிறகு மீனைவிட ஆள் கூட. சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம். பவளத்தில் தயவுசெய்து கால் வைக்காதீர்கள், ஏற்கெனவே மிதித்து மிதித்து உடைந்தது போதும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பாசிக்குடா நல்லது, கனதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். அலைச்சறுக்குக்காரர்களுக்கு அறுகம்குடா. திருகோணமலையில் கடலோர மலையில் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போனால் கும்பிட்டுவிட்டுக் கொஞ்சநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். கொட்டியாரக் குடாவில் கரைக்குக் கிட்டவே ஆழ்கடல் பள்ளம் இருப்பதால், அதிர்ஷ்டம் இருந்தால் நீலத்திமிங்கிலம் மூச்சுவிடுவது மலையுச்சியிலிருந்தே தெரியும்.

கொழும்பிலிருந்து வரும் வழியில் மின்னேரியாவில் ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். வெயில் காலத்தில் குளம் வற்ற வற்றக் கரையில் புல் முளைக்கும், அதை மேய யானைகள் கூட்டமாக வரும். ஆகஸ்ட், செப்டெம்பர் சரியான நேரம்.

காற்றின் கணக்கைக் கண்ணாலே பார்க்க ஆசையா? ஜூலையில் நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு இறங்குங்கள். ஹக்கலையில் மூடுபனியும் தூறலும், ஸ்வெற்றர் வேண்டும். ஒரு மணித்தியாலம்கூட ஆகாது, வெலிமடையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். அப்படியே பண்டாரவளை, எல்ல, வெல்லவாய, மொனராகலை என்று இறங்கினால் பொத்துவில் கடல். இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. ஆனால் மலைநாட்டில் தூரத்தைக் கிலோமீட்டரில் எண்ணாதீர்கள், வளைவுகள் ஏமாற்றிவிடும். சாரதி சொல்லும் நேரத்தோடு ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை என்றால் தெற்கு: காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ. அந்த மாதங்களில் திமிங்கிலம் பார்க்கப் படகு மிரிஸ்ஸயிலிருந்து போகும். சிவனொளிபாத மலை ஏறுவதும் அப்போதுதான். பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு முடியும். நல்லதண்ணியிலிருந்து இரவில் ஏறத் தொடங்கினால் விடியலுக்கு உச்சி. பருவத்துக்கு வெளியே வழி விளக்குகள் எரியாது, மழையும் அட்டையும்தான் துணை.

யாழ்ப்பாணத் தீவுகள் கொஞ்சம் வேறு கணக்கு. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகாமல் திரும்புவதில்லை. ஆனால் திருவிழா வருவது சோளகக் காலத்தில், கடல் குழம்பி இருக்கும். குறிகட்டுவான் துறையில் காலை முதல் படகைப் பிடியுங்கள். ஏறுமுன்னே கடைசிப் படகு எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று கேட்டுவிடுங்கள். நெடுந்தீவில் இறங்கியதும் ஓட்டோ பேசிக்கொள்ளலாம். காட்டுக்குதிரைகள், பெருக்குமரம், பவளக்கல் மதில்கள் எல்லாம் பார்க்க அரைநாள் போதும்.

எல்லாக் கரையும் ஒரே பயணத்தில் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு மார்ச் கடைசியும் ஏப்ரலும்தான். பின்னேரம் இடி மழை வரும், அதற்குள் குளித்து முடித்துவிடலாம். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் மட்டும் பயணம் வைக்காதீர்கள்: கடைகள் பூட்டு, பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஒக்டோபர், நவம்பரில் எந்தக் கரையையும் நான் சொல்லமாட்டேன். சூறாவளி வரும் காலம் அது. 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்துப்போட்டதைப் பெரியவர்கள் இன்றும் கதைப்பார்கள்.

தம்பி அடுத்த முறை ஆகஸ்டில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். பிள்ளைகளுக்குச் சுழியோடும் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இங்கே வாடகைக்குத் தருவது பெரும்பாலும் தண்ணீர் ஒழுகும்.