எச்.சி.எல். சிலிண்டரை லைனில் இணைப்பது எப்படி: ஈரத்தை வெளியேற்றுவதுதான் பாதி வேலை

மருந்துகளை ஹைட்ரோகுளோரைடு உப்பாக மாற்றவும், சிலிக்கான் தயாரிப்பில் இடைப்பொருளான டிரைகுளோரோசிலேன் செய்யவும் ஹைட்ரஜன் குளோரைடு (எச்.சி.எல்.) வாயு வேண்டும். நீரில் கரைந்தால் இதுதான் ஹைட்ரோகுளோரிக் அமிலம். முழுக்க உலர்ந்த நிலையில் அறை வெப்பத்தில் சாதாரண இரும்பைக்கூட இது பெரிதாக அரிக்காது. கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் தாங்காது. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

முதலில் சில எண்கள். கொதிநிலை மைனஸ் 85 டிகிரி செல்சியஸ். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும். 20 டிகிரியில் அழுத்தம் சுமார் 42 பார். திரவம் தீரும்வரை கேஜ் முள் இறங்காது என்பதால், எவ்வளவு மிச்சம் என்பதை எடை போட்டுத்தான் அறிய வேண்டும். காற்றைவிட சுமார் 1.27 மடங்கு கனம், ஆகவே பள்ளங்களில் தேங்கும். பணியிடக் காற்றில் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா விதித்த உச்ச வரம்பு 5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு); 50 பி.பி.எம். உயிருக்கு உடனடி ஆபத்து என அந்நாட்டுத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவு.

படி 1: ஸ்க்ரப்பர்

வெளியேறும் வாயுவைக் காஸ்டிக் கரைசலில் உறிஞ்சி நடுநிலையாக்கும் தொட்டிதான் ஸ்க்ரப்பர். வாயுவைத் திறப்பதற்கு முன்பே இது தயாராக இருக்க வேண்டும். 1 கிலோ வாயுவை நடுநிலையாக்க 1.1 கிலோ காஸ்டிக் சோடா போதும்; இருந்தாலும் இரட்டிப்பாக, 2.2 கிலோவை 20 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கரைசலை அவ்வப்போது pH தாளால் சோதியுங்கள். காரத்தன்மை குறைந்துவிட்டால் கரைசலை மாற்றும் நேரம்.

புதியவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 700 கிராம் வாயுவைக் கரைத்துக்கொள்ளும். ஓட்டம் குறைந்ததும் குழாயில் மிச்சமிருக்கும் வாயு சட்டெனக் கரைந்து வெற்றிடம் உண்டாகும். காஸ்டிக் கரைசல் மேலேறி, சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர்வரை போய்விடும். தடுக்க, ஸ்க்ரப்பருக்கு முன்னால் ஒரு காலித் தொட்டி வையுங்கள், ஸ்க்ரப்பரில் உள்ள மொத்தக் கரைசலும் அடங்கும் கொள்ளளவில். சிறிய அமைப்பென்றால் குழாயை மூழ்கவிடாமல், கவிழ்த்த புனலைக் கரைசலின் மேற்பரப்புக்குச் சற்று மேலே நிறுத்துங்கள்.

படி 2: இணைப்பு

சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டுங்கள். இந்த வாயுவுக்கென்றே உள்ள ரெகுலேட்டர்தான் வேண்டும். பித்தளை வேண்டாம், மோனல் (நிக்கல்-செம்பு கலவை), டெஃப்லான் தாங்கும். ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள். மரை பொருந்தவில்லையென்றால் அடாப்டர் தேடாதீர்கள், தவறான ரெகுலேட்டரைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

படி 3: நைட்ரஜன் பர்ஜ்

பர்ஜ் என்றால் லைனுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் நைட்ரஜனால் தள்ளி வெளியேற்றுவது. உலர் நைட்ரஜனை 3 பாருக்கு ஏற்றி ஸ்க்ரப்பருக்கு விடுங்கள். குறைந்தது ஐந்து முறை. நைட்ரஜன் லைனில் நான்-ரிட்டர்ன் வால்வு (ஒரே திசையில் மட்டும் வாயுவை விடுவது) கட்டாயம், இல்லையேல் 42 பார் அழுத்தமுள்ள வாயு அங்கே புகுந்துவிடும். கடைசி முறை அழுத்தத்தை அப்படியே அடைத்துவைத்து முள் இறங்குகிறதா என்று பாருங்கள்.

படி 4: திறப்பு, லீக் சோதனை

கண்ணாடி, முகக் கவசம், அமிலம் தாங்கும் கையுறை, பக்கத்தில் சுவாசக் கருவி. வால்வை மெல்லக் கால் சுற்று திறந்து உடனே மூடுங்கள். அம்மோனியா கரைசலில் நனைத்த பஞ்சை இணைப்புகளைத் தொடாமல் அருகில் காட்டுங்கள். வெண்புகை எழுந்தால் அது அம்மோனியம் குளோரைடு, அங்கே கசிவு. லைனைக் காலிசெய்து பர்ஜ் செய்த பிறகே இறுக்க வேண்டும்.

சிலிண்டரே கசிந்தால் காற்று வீசும் திசைக்கு எதிராக நகர்ந்து, மற்றவர்களையும் வெளியேற்றுங்கள். கசியும் ஓட்டையில் நேராகத் தண்ணீர் அடிக்கக் கூடாது. அங்கேயே அமிலம் உண்டாகி ஓட்டை பெரிதாகும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி மருத்துவமனைக்குப் போங்கள். அதிகம் சுவாசித்தவர் இப்போது நன்றாகத் தெரிந்தாலும் விட்டுவிடாதீர்கள், நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

படி 5: மூடுதல்

முதலில் சிலிண்டர் வால்வு. லைன் அழுத்தம் வடிந்ததும் மறுபடி நைட்ரஜன் பர்ஜ், இம்முறை பத்துத் தடவைக்குக் குறையாமல். இதைச் செய்யாமல் இரவு விட்டுப்போனால் காற்றின் ஈரம் உள்ளே நுழைந்து ரெகுலேட்டருக்குள் வால்வு அடைத்து உட்காரும் இருக்கையை அரிக்கும். மறுநாள் ரெகுலேட்டரை மூடிய பிறகும் அதிலிருந்து வெளிவரும் பக்கத்தின் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். சிலிண்டரை முழுக்கக் காலி செய்யாமல் கொஞ்சம் அழுத்தம் விட்டுவையுங்கள். வால்வு இறுகிப்போனால் நீளக் குழாய் மாட்டி நெம்பாமல், மூடியைப் போட்டு சப்ளையருக்குச் சொல்லிவிடுங்கள்.