மதுரையில இருந்து வெளிநாட்டு கம்ப்யூட்டர் படிப்புக்கு பசங்கள சேர்த்துவிடுறவங்க எப்படி வேலை பாக்கணும்

கே.கே.நகர், அண்ணாநகர், பைபாஸ் ரோடுன்னு எங்கிட்டு பாத்தாலும் ஓவர்சீஸ் எஜுகேஷன் போர்டு தான் இப்போ. அதுல கவுன்சிலர் வேலைக்கு வர்ற தம்பி தங்கச்சிங்க பாதிப்பேரு டிகிரி முடிச்ச கையோட வர்றாங்க, கொஞ்சம் ட்ரெயினிங் குடுத்து ப்ரோஷரையும் டார்கெட்டையும் கையில குடுத்து உக்கார வச்சுடுறாங்க, அதுக்கு மேல சொல்லித்தர ஆள் கிடையாது. அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். எஜுகேஷன் லோனை கட்டி முடிக்க பேங்க் 15 வருஷம் வரைக்கும் டைம் குடுக்குது, அப்படின்னா நீங்க போடுற ஒவ்வொரு அப்ளிகேஷன்லயும் ஒரு குடும்பத்தோட 15 வருஷம் இருக்கு. அதை மனசுல வச்சுட்டு மேல படிங்க.

முதல் வேலை, கோர்ஸோட மாட்யூல் லிஸ்ட்டை உக்காந்து படிக்கிறது. ப்ரோஷர் இல்ல, யூனிவர்சிட்டி சைட்ல அந்த கோர்ஸ் பக்கத்துல கீழ வரைக்கும் போனா எந்த செமஸ்டர்ல என்ன பாடம்னு போட்டிருப்பாங்க, அது. யூகேல எம்எஸ்சி கம்ப்யூட்டிங், எம்எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ்னு பேரு இருக்கும், அதுல நிறைய கோர்ஸ் கன்வெர்ஷன் கோர்ஸ், அதாவது பிகாம், பிசிக்ஸ், மெக்கானிக்கல் படிச்சவங்க கம்ப்யூட்டர் பக்கம் வர்றதுக்காக வச்சது. நம்ம ஊர்ல நாலு வருஷம் சிஎஸ்இ படிச்ச பையன அதுல கொண்டுபோய் போட்டா அவன் லட்சக்கணக்குல கட்டிட்டு லூப்பு, அர்ரேன்னு ப்ரோக்ராமிங் அரிச்சுவடியையே திரும்ப படிப்பான், ஒரு வருஷ கோர்ஸ்ல பாதி அதுலயே போயிரும். அதே கோர்ஸ் பிஎஸ்சி மேத்ஸ் முடிச்ச பொண்ணுக்கு நல்ல வழி. கோர்ஸ் ஒண்ணுதான், யாருக்குங்கிறதுல தான் எல்லாமே இருக்கு, இதை கண்டுபிடிக்க அட்மிஷன் தகுதியில எந்த டிகிரியும் ஓகேன்னு போட்டிருக்கான்னு பாத்தாலே போதும்.

ஜெர்மனி அப்படியே தலைகீழ். அங்க நிறைய யூனிவர்சிட்டியில மேத்ஸ்ல இத்தனை கிரெடிட், தியரியில இத்தனை, அல்காரிதம்ல இத்தனை படிச்சிருக்கணும்னு எழுதியே வச்சிருப்பாங்க. பையனோட சிலபஸை பக்கத்துல வச்சு ஒவ்வொண்ணா டிக் பண்ணி பாருங்க. மார்க்கையும் அவங்க கணக்குக்கு மாத்தணும், அதிகபட்ச மார்க்குல இருந்து பையன் எடுத்ததை கழிச்சு, அதை அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால வகுத்து, 3ஆல பெருக்கி 1 கூட்டணும். காலேஜ்ல பாஸுக்கு 5 பாயிண்ட்னு வச்சா சிஜிபிஏ 8க்கு 2.2 வரும். அங்க நம்பர் குறைய குறைய நல்லது. கோர்ஸுல 2.5 வேணும்னு போட்டிருந்து பையனுக்கு 3 வந்தா அன்னைக்கே சொல்லிடுங்க, ஆறு மாசம் கழிச்சு மெயில் வந்து தெரிய வேண்டாம். 2022 நவம்பர்ல இருந்து ஏபிஎஸ் சர்டிபிகேட்டும் (நம்ம டிகிரி, மார்க்‌ஷீட் எல்லாம் உண்மையானதுன்னு சரிபாத்து குடுக்கிறது) கட்டாயம், அதுக்கு டைம் எடுக்கும், அதனால மத்த எதுக்கும் முன்னாடி அதுக்கு அப்ளை பண்ண வைங்க.

இந்த எடத்துல கமிஷன் பத்தி சொல்லிடணும். யூகே, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள்ல யூனிவர்சிட்டி ஏஜெண்டுக்கு பையனோட முதல் வருஷ பீஸ்ல ஒரு பங்கு குடுக்குது, அது ஊரறிஞ்ச விஷயம். ஜெர்மனி அரசு யூனிவர்சிட்டிங்க பெரும்பாலும் பீஸே வாங்குறதில்ல (பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்துல மட்டும் செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் டெக்னிக்கல் யூனிவர்சிட்டியும் 2024ல இருந்து நம்மள மாதிரி வெளிநாட்டு பசங்ககிட்ட வாங்குது), அதனால பொதுவா கமிஷனும் கிடையாது. மார்க்கும் மேத்ஸும் நல்லா இருக்கிற, வீட்ல வசதி இல்லாத பையன் வந்து உக்காந்தா ஜெர்மனின்னு ஒரு நாடு இருக்குன்னு அவன்கிட்ட நீங்க சொல்லணும். ஆபீஸ்ல சர்வீஸ் சார்ஜ் வாங்கிக்கிட்டு அதை செஞ்சு குடுக்க சொல்லுங்க, அது நேர்மையான காசு. எந்த யூனிவர்சிட்டியில இருந்து நமக்கு காசு வருதுன்னு அப்பா கேட்டா மறைக்காதீங்க, கேக்கலைனாலும் சொல்றது தான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன்.

அடுத்து வீட்டுக்காரங்க. உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி பக்கம் இருந்து வர்றவங்க தனியா வரமாட்டாங்க, அப்பா அம்மா வருவாங்க, அவங்களோட வெவரம் தெரிஞ்ச படிச்ச ஆளுன்னு ஒரு மாமா, சில நேரம் சித்தப்பாவும். பையன்கிட்ட மட்டும் இங்கிலீஷ்ல பேசிட்டு இருக்காதீங்க. வாங்கய்யா, உக்காருங்கம்மான்னு அவங்களுக்கு முதல்ல தண்ணிய குடுத்துட்டு, ஒரு வெள்ளை பேப்பர்ல தமிழ்ல, ரூபாயில, மொத்த செலவையும் எழுதுங்க. பீஸ், விசா, டிக்கெட், ரூம் அட்வான்ஸ், மாசச் செலவு எல்லாம். யூகேன்னா ஹெல்த் சர்சார்ஜ், அதாவது அங்க அரசு மருத்துவ வசதிக்கு கட்டுற காசு, மாணவர்களுக்கு வருஷத்துக்கு 776 பவுண்ட், விசா கட்டும்போதே மொத்தமா கட்டணும், இதை பல ஆபீஸ்ல கடைசி நிமிஷத்துல தான் சொல்றாங்க, அப்போ அந்தம்மா கழுத்துல இருந்து கழட்டி குடுக்க வேண்டியதாகுது. ஜெர்மனிக்கு 2024 செப்டம்பர்ல இருந்து பிளாக்டு அக்கவுண்ட்ல 11,904 யூரோ போட்டு காட்டணும், அது பீஸ் இல்ல, மாசம் 992 யூரோவா பையனுக்கே திரும்ப வரும், ஆனா முன்னாடியே மொத்தமா கையில இருக்கணும். அந்த பேப்பரை அவங்ககிட்டயே குடுத்து அனுப்புங்க, ஊர்ல நாலு பேர்கிட்ட காட்டி கேட்டுட்டு வரட்டும்.

லோன் விஷயத்துல நம்ம பக்கத்து ஆளுங்க மாட்டுறது நிலத்துல. ரெண்டு ஏக்கர் நஞ்சை இருக்கு அதை வச்சு வாங்கிரலாம்னு நம்பி வருவாங்க, ஆனா கடன் நின்னுபோனா சொத்தை ஏலம் விட பேங்குக்கு வசதி குடுக்கிற சர்பாசி சட்டம் விவசாய நிலத்துக்கு செல்லாது, அதனால நிறைய பேங்க் எஜுகேஷன் லோனுக்கு அந்த நிலத்தை எடுக்கிறதில்ல. வீடு, அப்ரூவல் வாங்குன பிளாட்டுன்னா மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் சரியா இருக்கான்னு ஆபர் லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே பாக்க சொல்லுங்க, தாத்தா பேர்லயே இருக்கிற பத்திரத்தை மாத்த எத்தனை மாசம் ஆகும்னு உங்களுக்கே தெரியும். லோனா இல்லாம கையில இருக்கிற காசை காட்டுறாங்கன்னா யூகே விசாவுக்கு அது அக்கவுண்ட்ல தொடர்ந்து 28 நாள் இருக்கணும், நடுவுல ஒரு நாள் குறைஞ்சாலும் போச்சு. வட்டிக்கு வாங்கி போட்டு காட்டிட்டு எடுத்துரலாம்னு யாராவது யோசனை சொன்னா அதை நிறுத்த வேண்டியது நீங்க தான்.

பேரு. இது தமிழ் பசங்களுக்குன்னே உள்ள தலைவலி. மார்க்‌ஷீட்ல பேருக்கு முன்னாடியோ பின்னாடியோ இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேம் எடத்துல, ஆதார்ல வேற ஸ்பெல்லிங். பாஸ்போர்ட்ல ரெண்டு பேரையும் ஒரே கட்டத்துல போட்டு இன்னொண்ணை காலியா விட்டா அமெரிக்க விசாவுல முதல் பேரு எடத்துல எஃப்என்யூன்னு (முதல் பேரு தெரியலைன்னு அர்த்தம்) வந்துரும், அப்புறம் அங்க பேங்க், லைசென்ஸ்னு போற எடமெல்லாம் விளக்கம் சொல்லணும். பாஸ்போர்ட் ஆபீஸ் மதுரையிலயே இருக்கு, அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடி சரி பண்ணிடுங்க, ஐஇஎல்டிஎஸ் பரீட்சைக்கும் பாஸ்போர்ட்ல இருக்கிற பேரையே போட சொல்லுங்க.

எஸ்ஓபிய, அதாவது இந்த கோர்ஸை ஏன் படிக்கணும்னு பையன் யூனிவர்சிட்டிக்கு எழுதுற கடிதத்தை, நீங்க எழுதி குடுக்காதீங்க. பையன உக்கார வச்சு பைனல் இயர் ப்ராஜெக்ட் பத்தி பேச விடுங்க, போன்ல ரெக்கார்டு கூட பண்ணுங்க, அவன் தமிழ்ல சொல்றதுல தான் விஷயம் இருக்கும், அதை அவனே இங்கிலீஷ்ல எழுதட்டும். ப்ராஜெக்ட் சென்டர்ல காசு குடுத்து வாங்குனதுன்னா ரெண்டு கேள்வியில தெரிஞ்சுரும். அப்படி இருந்தா திட்டாதீங்க, ரெண்டு மாசம் எடுத்து சின்னதா ஒண்ணை சொந்தமா செய்ய சொல்லுங்க, பஸ் டைம் காட்டுற ஆப்பா இருந்தாலும் பரவாயில்ல. யூகே யூனிவர்சிட்டிங்க வீடியோ கால்ல இன்டர்வியூ வைக்குது, நம்ம பையன் விசா ரிஜெக்ட் ஆனா அது அவங்க கணக்குலயும் ஏறும், ரிஜெக்ஷன் ஒரு அளவை தொட்டா வெளிநாட்டு பசங்கள எடுக்கிற லைசென்ஸுக்கே ஆபத்து, 10 சதவீதமா இருந்த அந்த அளவை பிரிட்டிஷ் அரசோட 2025 வெள்ளை அறிக்கைக்கு (கொள்கை அறிவிப்பு) அப்புறம் 5 சதவீதமா இறுக்கிட்டாங்க. அதனால ஆளை ஏத்திவிடுறதுல யாருக்கும் லாபமில்ல.

அங்க போய் வேலை கிடைக்குமான்னு கண்டிப்பா கேப்பாங்க. கிடைக்கும்னு சொல்லாதீங்க, விதி என்னன்னு மட்டும் தேதியோட சொல்லுங்க. யூகேல படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் இருக்கலாம்னு இருந்தது, 2027 ஜனவரி 1ல இருந்து அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசம். அமெரிக்காவுல ஓபிடி, அதாவது படிச்ச துறையில வேலை பாக்க மாணவர் விசாவுலயே குடுக்கிற அனுமதி, 12 மாசம், ஸ்டெம் கோர்ஸுக்கு (சயின்ஸ், டெக்னாலஜி, இன்ஜினியரிங், மேத்ஸ்) மேல 24 மாசம், ஆனா கம்ப்யூட்டர்னு பேர்ல இருக்கிறதால மட்டும் அது ஸ்டெம் ஆயிடாது, யூனிவர்சிட்டி விசாவுக்காக குடுக்கிற ஐ-20 பாரத்துல இருக்கிற கோர்ஸ் கோடு, அமெரிக்க அரசோட ஸ்டெம் லிஸ்ட்ல இருக்கணும். கல்யாணம் ஆனவங்க வந்தா, 2024 ஜனவரியில இருந்து சாதாரண எம்எஸ்சிக்கு யூகே போறவங்க குடும்பத்தை கூட்டிட்டு போக முடியாதுன்னு முதல் நாளே சொல்லிடுங்க.

காலேஜ்ல செமினார் போடுறவங்க யூகே செப்டம்பர் இன்டேக்குன்னா, அதாவது செப்டம்பர்ல ஆரம்பிக்கிற கோர்ஸுக்குன்னா, முந்தின நவம்பர், டிசம்பர்லயே போங்க. சிட்டிக்குள்ள மட்டும் சுத்தாம தேனி, சிவகாசி, திண்டுக்கல் பக்கமும் போங்க, அங்க சொல்லித்தர ஆளே இல்ல. சித்திரைத் திருவிழா வாரத்துல மதுரைக்குள்ள எதுவும் வைக்காதீங்க, கோரிப்பாளையம் தாண்டி ஒருத்தரும் வந்து சேரமாட்டாங்க.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி கடைசியா ஒண்ணு பண்ணுங்க. அதே யூனிவர்சிட்டியில அதே கோர்ஸ் இப்போ படிச்சிட்டு இருக்கிற நம்ம பக்கத்து பையனோ பொண்ணோ யாராவது இருப்பாங்க, அவங்களை கேட்டுட்டு நம்பரை வீட்டுக்காரங்ககிட்ட குடுத்து பேச சொல்லுங்க. நீங்க அந்த கால்ல இருக்காதீங்க. பேசி முடிச்சுட்டு வேண்டாம்னு சொன்னா பைலை க்ளோஸ் பண்ணி ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் அன்னைக்கே திருப்பி குடுத்துருங்க.