ஷை, ஓ.மு., ஓ.எஸ்.: சட்டக் காகிதச் சுருக்கங்களை நாமே படிக்க ஒரு வழி

வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் காகிதத்தை ஒருமுறையாவது நாமே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி பக்கம் எங்கள் பெரியப்பாவின் தென்னந்தோப்புக் காகிதங்களைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது நான் செய்ததையே வரிசையாக எழுதுகிறேன். பட்டா இறக்குவது, வில்லங்கம் போட்டுப் பார்ப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை பத்திரத்தின் ஜெராக்ஸ், ஒரு பென்சில், இரண்டு கலர் ஸ்கெட்ச். போட்டோ எடுத்தால் எழுத்தாக்கித் தரும் ஆப்களை நான் நம்புவதில்லை. பழைய கையெழுத்துப் பத்திரத்தில் ௸ (மேற்படி) குறி வந்தால் அவை கன்னாபின்னாவென்று எதையோ அடித்துத் தருகின்றன.

படி 1: எந்த ஆபீஸ் காகிதம்?

சுருக்கத்துக்கு அர்த்தம் தேடும் முன் காகிதத்தின் தலைப்பைப் பாருங்கள். ஒரே எழுத்து ஆபீசுக்கு ஆபீஸ் மாறும். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சி.சி. என்றால் காலண்டர் கேஸ். நுகர்வோர் ஆணையத்தில் அதுவே நுகர்வோர் புகார். நகல் வாங்கும் இடத்தில் சி.சி. என்றால் சான்றிட்ட நகல். ப.எண் என்பது பட்டா எண்ணாகவும் இருக்கும், பதிவு எண்ணாகவும் இருக்கும். நெட்டில் கிடைக்கும் ‘சட்டச் சுருக்கங்கள் 500’ மாதிரிப் பட்டியல்கள் இதனால்தான் உதவுவதில்லை. ஆபீசைச் சொல்லாமல் அர்த்தம் மட்டும் கொடுத்திருப்பார்கள்.

படி 2: ஷையை நிரப்புங்கள்

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஷை, ௸ இரண்டுக்கும் மேற்படி என்று அர்த்தம், அது எல்லோருக்கும் தெரியும். மேலே எதை என்பதுதான் கேள்வி. பழைய பத்திரத்தில் இப்படி ஒரு வரி வரும்:

“ஷை கிராமம் ஷை ச.நெ.ல் ஷையார் தோப்புக்கு மேற்கு, பொதுப்பாதைக்கு வடக்கு, கி.மே. இருபுறமும் அடி 30, தெ.வ. இருபுறமும் அடி 60.”

ஷைக்கு அடுத்து என்ன சொல் வருகிறதோ, அதே வகைச் சொல் மேலே கடைசியாக எங்கே வந்தது என்று தேடுங்கள். ஷை கிராமம் என்றால் கடைசியாக வந்த ஊர்ப்பெயர். ஷை ச.நெ. என்றால் கடைசியாக வந்த சர்வே நம்பர். இடத்துக்கு ஒரு கலர், ஆளுக்கு ஒரு கலர் என்று வட்டம் போட்டு, ஒவ்வொரு ஷைக்கு மேலேயும் பென்சிலால் முழுப் பெயரை எழுதிவிடுங்கள்.

ஷையார்தான் ஆபத்து. விற்பவர், வாங்குபவர், முன்பு விற்றவர், பக்கத்துத் தோப்புக்காரர் என்று நாலு பேர் ஒரே பத்தியில் வருவார்கள். பெயரை நிரப்பிவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். ஒருவர் தன் நிலத்தைத் தனக்கே விற்பது போலவோ, தன் தோப்புக்குத் தானே எல்லையாக நிற்பது போலவோ வந்தால், பெயர் மாறிவிட்டது. அவருக்கு மேலே வந்த ஆளின் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

அதே வரியில் இன்னொன்று. ‘ஷையார் தோப்புக்கு மேற்கு’ என்றால் நம் இடம் அந்தத் தோப்புக்கு மேற்கே இருக்கிறது. ஆக, அவர் நமக்குக் கிழக்கே. இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு அளவையரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கி.மே. கிழமேல், தெ.வ. தென்வடல். முப்பதை அறுபதால் பெருக்கினால் 1,800 சதுர அடி, நாலு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல்.

படி 3: எண்ணின் வம்சாவளி

நம் பக்கம் பெரும்பாலும் பழைய ராமநாதபுரம் சமஸ்தான ஜமீன் நிலம். 1948ஆம் வருட எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தைய பத்திரங்களில் சர்வே எண்ணுக்குப் பதில் பைமாஷ் எண் (ஜமீன் காலத்துப் பழைய நில எண்) இருக்கலாம். அதன்பின் வந்தது செட்டில்மென்ட் பதிவேடான எஸ்.எல்.ஆர். 1979இல் தொடங்கிய பதிவு மேம்பாட்டுத் திட்டம்தான் யு.டி.ஆர். ஆக ஒரே தோப்புக்குப் பத்திரத்தில் ஒரு எண்ணும் பட்டாவில் வேறு எண்ணும் இருப்பதில் ஆச்சரியமில்லை. ப.ச.எண் என்று இருந்தால் பழைய சர்வே எண், உ.பி. என்றால் உட்பிரிவு. கிராமத்து நிலங்களை எண் வாரியாகக் காட்டும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திப் பார்க்கலாம். நான் எப்போதும் பட்டாவை விட அ-பதிவேட்டைத்தான் முதலில் எடுப்பேன். பக்கத்து எண்ணில் தீ.ஏ.த. என்று இருந்தால் அது தீர்வை ஏற்பட்ட தரிசு, அரசு நிலம். வேலியை அந்தப் பக்கம் நகர்த்தும் யோசனையை விட்டுவிடுங்கள்.

பரப்பைப் படிக்கும்போது ஹெக்-ஏர் (ஹெக்டேர்-ஏர்) என்ற தலைப்பைக் கவனியுங்கள். 0-12.50 என்பது பன்னிரண்டரை ஏர். சென்ட்டில் கிட்டத்தட்ட 31. ஒரு ஏருக்கு 2.47 சென்ட் என்று பட்டாவின் ஓரத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கடித எண்ணில் ஓ.மு. இருக்கிறதா?

தாலுகா ஆபீசிலிருந்தோ கலெக்டர் ஆபீசிலிருந்தோ வந்த கடிதத்தில் ந.க. என்று எண் தொடங்கினால் கோப்பு நடப்பில் இருக்கிறது. கோப்பை முடிக்கும்போது அது ஓ.மு., மூ.மு., ப.மு. என்று மாறும். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு. அத்தனை வருடம்தான் கோப்பை வைத்திருப்பார்கள், அப்புறம் அழிக்கலாம். ஆங்கிலக் கடிதத்தில் இவையே எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ். என்று வரும். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். ஓ.மு.வைப் பார்த்தால் நகல் மனுவை அந்த வாரமே போடுங்கள், தர்கா கந்தூரி முடியட்டும் என்று தள்ளாதீர்கள்.

படி 5: கோர்ட் எண்

ஓ.எஸ். 45/2019 என்றால் 2019இல் அந்தக் கோர்ட்டில் பதிவான 45ஆவது அசல் வழக்கு. தமிழில் அ.வ. என்றும் எழுதுவார்கள். அந்த வழக்குக்குள்ளே போடும் இடைக்கால மனு ஐ.ஏ. முதல் மேல்முறையீடு ஏ.எஸ்., இரண்டாவது எஸ்.ஏ. தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லும் மனு இ.பி. ஜெயித்துவிட்டோம் என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது, இ.பி. போடப் பொதுவாக 12 வருடம்தான் கெடு. ஹைகோர்ட் ரிட் எண்ணில் டபிள்யூ.பி.க்குப் பக்கத்தில் எம்.டி. என்று இருந்தால் மதுரைக் கிளை. 2004இலிருந்து நம் மாவட்ட வழக்குகள் அங்கேதான்.

தமிழ்த் தீர்ப்பில் வா.சா.1 என்பது வாதி தரப்பில் சாட்சி சொன்ன ஆள். வா.சா.ஆ.1 என்பது வாதி தரப்புச் சான்றாவணம். ஒரு ‘ஆ’ கூடினால் ஆள் காகிதமாகிவிடுவார், பார்த்துப் படியுங்கள். பிரதிவாதிக்குப் பி.சா.

வழக்கு நிலையைப் பார்க்க இ-கோர்ட்ஸ் ஆப் போதும், காசு கேட்கும் தளங்கள் வேண்டாம். அதில் தேடுவதற்கு ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்ணான சி.என்.ஆர். எண் 16 எழுத்து. டி.என். என்று தொடங்கி வருடத்தில் முடியும்.

பின்சேர்க்கை 1: எப்.ஐ.ஆர். பற்றித் தொண்டியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். கு.எண் குற்ற எண், ச/பி சட்டப் பிரிவு, உ/இ உடன் இணைந்த. சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்திருந்தால் புகார் வாங்கியாயிற்று என்று அர்த்தம், இன்னும் எப்.ஐ.ஆர். ஆகவில்லை. இ.த.ச. என்றால் இந்திய தண்டனைச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா). சம்பவம் நடந்த தேதியைப் பொறுத்தே எந்தச் சட்டம் என்பது. அடிதடிக் காகிதங்களில் நாம் பார்த்துப் பழகிய 294(பி), 323, 506(1) இப்போது 296(பி), 115(2), 351(2). செப்டம்பர், அக்டோபரில் நம் மாவட்டத்தில் போடும் 144 தடை உத்தரவும் இப்போது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 163.

பின்சேர்க்கை 2: பாம்பனிலிருந்து படகுக் காகிதம் பற்றி ஒரு கேள்வி. படகின் பதிவு எண்ணில் ஐ.என்.டி. நாடு, டி.என். மாநிலம், 10 நம் மாவட்டம், எம்.எம். விசைப்படகு. லாரிக்கு டி.என். 65 என்பதால் படகுக்கும் அதுவே என்று மனுவில் எழுதிவிட வேண்டாம். எழுத்துகளுக்கு நடுவே உள்ள கோடுகளையும் பதிவுச் சான்றில் இருப்பது போலவே எழுதுங்கள், இல்லாவிட்டால் மனு திரும்பி வரும்.