வயல்காட்டு ஜீப்பின் சேஸில் துரு: வெட்டி, ஒட்டி, காப்பது எப்படி

டெல்டாவில் ஓடும் பழைய ஜீப்பின் சேஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கும். நடவுக் காலத்தில் வண்டல் சேறு சேஸின் உட்பக்கம் அப்பிக்கொள்கிறது; அறுவடையில் வைக்கோல் துணுக்கு அதில் போய்ச் சிக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் ஈரச்சாக்கைச் சுற்றி வைத்த மாதிரிதான், சித்திரை வெயிலிலும் முழுக்கக் காயாது. உர மூட்டை ஏற்றிய வண்டி என்றால் அரிப்பு இன்னும் வேகம். வயலுக்குப் போடும் பொட்டாஷ் பொட்டாசியம் குளோரைடு. கடல் உப்பில் இருந்துகொண்டு இரும்பைத் தின்னும் அதே குளோரைடு இதிலும் இருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்க வண்டிகளுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

கீழே சொல்லும் முறை மஹிந்திரா சிஜே 500, எம்எம் 540 போன்ற, ஏணி வடிவ சேஸும் லீஃப் ஸ்பிரிங்கும் (பட்டை ஸ்பிரிங்) உள்ள வண்டிகளுக்கானது. மாசி முதல் வைகாசி வரைதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குள் பெயின்ட் வரை முடித்துவிட்டால் குறுவைச் சேற்றில் தைரியமாக இறக்கலாம்.

முதலில் தட்டிப் பாருங்கள்

வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கத்தைக் கழுவி, சேஸின் ஓட்டைகள் வழியாக உள்ளேயும் தண்ணீரைப் பீய்ச்சி, வெளியே வருவது தெளிவாகும் வரை விடுங்கள். இரண்டு நாள் வெயிலில் நிற்கட்டும். பிறகு அரைக் கிலோ சுத்தியலால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். அரித்த இடம் பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் பழைய ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் குத்துங்கள்.

பார்வையை நம்ப வேண்டாம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்து நிற்கும். மேலே தடித்துத் தெரியும் இடத்தில்தான் உள்ளே இரும்பு மெலிந்திருக்கும். செதிலை உதிர்த்துவிட்டு, கனம் அளக்கும் வெர்னியர் கருவியால் அளங்கள். அரிக்காத இடத்தில் எத்தனை மி.மீ. இருக்கிறதோ அதுதான் உங்கள் வண்டியின் அசல் கனம். வெர்னியர் நுழையாத பெட்டி வடிவப் பகுதியில் 3 மி.மீ. துளை போட்டு, நுனி வளைத்த கம்பியை உள்ளே கொக்கி மாதிரி மாட்டி அளக்கலாம்.

கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்: பின் ஸ்பிரிங் ஹேங்கர் (ஸ்பிரிங் முனையைச் சேஸில் மாட்டும் பிடிப்பு), ஷேக்கிள் பிராக்கெட் (ஸ்பிரிங்கின் ஆடும் முனையின் பிடிப்பு), கடைசி கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்), பாடி மவுண்ட் (பாடியைச் சேஸோடு பிணைக்கும் இடம்), பேட்டரிக்கு நேர் கீழ், ஸ்டியரிங் பாக்ஸ் பிடிப்பு. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடத்தில் நடுவில் துரு பருத்துத் தகட்டையே விரித்திருந்தால், மேல் தகட்டைக் கழற்றாமல் தீர்வு இல்லை. சேஸை ஒட்டி ஓடும் பிரேக் பைப்பும் அதே ஈரத்தில் கிடந்ததுதான். அதையும் மாற்றக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கால் பங்கு கனத்துக்குள் தேய்ந்த மேல்துருவைச் சுத்தம் செய்து பெயின்ட் அடித்தால் போதும். அதற்கு மேல் போனதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரே இடத்துக்கு நேராக சேஸின் இரண்டு பக்க நீளத் தண்டும் பொத்துப் போயிருந்தால், அல்லது ஒட்டுக்கு மேல் ஒட்டாக முன்னமே மூன்று அடுக்கு இருந்தால், அந்த சேஸுக்குச் செலவழிப்பது வீண். முழு சேஸை மாற்றுவதானால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஒட்டுப் போடும்போதும் சேஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. 15 வருடம் கடந்த சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது அந்த எண்ணைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

வெட்டுவதற்கு முன் அளவு

அவசரத்தில் விடுபடும் வேலை இது. சிமென்ட் தரையில் நான்கு ஸ்டாண்டில் சேஸை ஏற்றுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டாம், பாரத்தில் சொல்லாமல் உடையும். கொத்தனார் பிடிக்கும் தண்ணீர் டியூப்பால் நான்கு மூலையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஸ்பிரிங் ஹேங்கர் துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை குறுக்கே அளங்கள். இரண்டு குறுக்களவும் 5 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். புள்ளிகளை அழியாமல் வையுங்கள். வெட்டப்போகும் இடத்தின் இரு பக்கமும் ஆங்கிள் இரும்பைத் தற்காலிகமாகப் பற்ற வைத்தால் தண்டு தொங்காது.

பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றி, ஆல்டர்னேட்டர் ஒயரையும் எடுத்துவிடுங்கள். டீசல் டேங்கையும் குழாயையும் வண்டியை விட்டே அப்புறப்படுத்துங்கள். தீயணைப்பான் ஒன்று, மணல் வாளி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சேஸுக்குள் மிச்சமிருக்கும் வைக்கோல் பொறி பட்டுப் புகையும். வேலை முடிந்தும் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள்.

வெட்டும் ஒட்டும்

துரு தெரியும் எல்லையோடு நிறுத்தாமல், பளபளவென்று நல்ல இரும்பு வந்தபின் இன்னும் 25 மி.மீ. தள்ளி வெட்டுங்கள். வெட்டின் மூலைகள் வளைவாக இருக்கட்டும், கூர் மூலையில்தான் விரிசல் பிறக்கும். தண்டையே மாற்றுவதானால் நேர் செங்குத்தாக வெட்டாமல் 45 டிகிரி சாய்வாகவோ படியாகவோ வெட்டுங்கள். பாரம் ஏறும்போது தண்டின் மேல் மடிப்பும் கீழ் மடிப்பும்தான் (மேலும் கீழும் படுக்கையாக மடிந்த தகடு) அதிகம் வாங்கும். நடு உயரத்தில் இழுவை குறைவு. அதனால் மடிப்பின் ஓரத்தைக் குறுக்கே கடக்கும் வெல்டிங் கோடு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

ஒட்டுத் தகடு ஐ.எஸ். 2062 தர எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட், சேஸின் அசல் கனத்திலேயே இருக்கட்டும். ‘கனமாகப் போட்டால் பலம்’ என்று 3 மி.மீ. சேஸில் 6 மி.மீ. போடுவது தவறு. ஒட்டு விறைத்து நிற்க, அதன் ஓரத்தில் பழைய சேஸ் மடங்கி விரியும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடும் வேண்டாம்; துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொடுக்கும், பற்றும் கெடும். மேலே வலுத்தகடு தேவைப்பட்டால் அதன் இரு முனையும் சாய்சதுரமாகக் கூம்பட்டும். நடுவில் 12 மி.மீ. துளைகள் போட்டு, துளைக்குள்ளும் பற்ற வையுங்கள். இரண்டு தகடு படியும் முகங்களில் வெல்டிங்குக்கான துத்தநாக பிரைமர் தேவை. பற்றும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஓரங்களை 30 டிகிரி சாய்த்து, 2 மி.மீ. இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். சுற்றிலும் 25 மி.மீ. அகலத்துக்குப் பெயின்டும் துருவும் இல்லாமல் தேய்க்க வேண்டும். துடைக்கத் தின்னர் போதும், அது முழுக்கக் காய்ந்த பிறகுதான் பொறி. குளோரின் கலந்த பிரேக் கிளீனரை வெல்டிங் பக்கமே கொண்டு வராதீர்கள், அந்த ஆவி சூட்டில் விஷ வாயுவாகும்.

வாயு மறைப்பில் கம்பியை உருக்கும் சி.ஓ.2 வெல்டிங் கிடைத்தால் 0.8 மி.மீ. ஈ.ஆர். 70எஸ்-6 கம்பி, 3 மி.மீ. தகட்டுக்கு 100 முதல் 130 ஆம்பியர். இந்த முறையைத் திறந்த வெளியில் செய்தால் காற்று வாயுவை அடித்துப்போகும், மறைப்புக் கட்டுங்கள். ராடு வெல்டிங் என்றால் 2.5 மி.மீ. 7018 வகை ராடு, டி.சி. மெஷினில் ராடு பாசிட்டிவில், 70 முதல் 100 ஆம்பியர். 7018 ஈரத்தைக் குடிக்கும் ராடு. நம்மூர்க் காற்றில் திறந்து கிடந்த கட்டு அப்படியே உதவாது. 300 டிகிரி அளவில் ஒரு மணி நேரம் ஓவனில் சுட வேண்டும். அந்த வசதி இல்லாத பட்டறையில், உலர்ந்த 6013 ராடால் பொறுமையாகப் போடும் வெல்டிங் ஈரமான 7018-ஐவிட மேல்.

ஒட்டுத் தகட்டின் நான்கு மூலையில் புள்ளி வெல்டிங் வைத்ததும் தூக்குக்குண்டை மறுபடி விட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் 25 மி.மீ. துண்டு துண்டாக, எதிரெதிர்ப் பக்கம் மாறி மாறிப் போடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறாமல் அடுத்த துண்டு வேண்டாம். தண்ணீர் ஊற்றி ஆற வைத்தால் வெல்டிங் ஓரம் உடையும் தன்மைக்குப் போகும். குமிழ் குமிழாக வந்தால் அடியில் துருவோ ஈரமோ இருக்கிறது. ஓரத்தில் பள்ளம் விழுந்தால் ஆம்பியர் அதிகம். மணி மாதிரி மேலே உருண்டு நின்றால் ஆம்பியர் குறைவு, அல்லது லைனில் வோல்டேஜ் இறங்கியிருக்கிறது. இவை எதையும் மேலே இன்னொரு வரி போட்டு மறைக்காமல் தேய்த்து எடுத்துத் திரும்பப் போடுங்கள்.

இரு பக்கமும் கை எட்டும் இடத்தில் ஒரு சோதனை செய்யலாம்: ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசிக் காய வைத்து, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுங்கள். கால் மணி நேரத்தில் சுண்ணாம்பில் கறை தெரிந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. பிறகு மண்ணெண்ணெயைத் தின்னரால் முழுக்கத் துடைத்து, காய்ந்தபின்தான் திரும்ப வெல்டிங்.

பெயின்ட்

தேய்த்த இரும்பை ஒரு ராத்திரி வெறுமனே விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். அன்றன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். குழிகளுக்குள் தங்கிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, டப்பாவில் சொன்னபடி கழுவிக் காய வையுங்கள். மேலே இரண்டு பாகமாகக் கலக்கும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் பெயின்ட். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்தால் ஈரம் உள்ளே இறங்கும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது அடிக்காதீர்கள். காலை 10 மணி முதல் மாலை 4 வரை சரியான நேரம்.

துருவின் மேலேயே தார் பூச்சு அடிப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. வெளியே கருகருவென்று அழகாக இருக்கும், உள்ளே ஈரம் பூட்டிக்கொண்டு அரிக்கும். கழிவு ஆயிலும் பூச வேண்டாம்; அது ரப்பர் புஷ்ஷை ஊற வைத்துக் கெடுக்கும், வாய்க்கால் தண்ணீரிலும் கலக்கும். பெட்டிப் பகுதிகளுக்குள் நீள டியூப் வைத்த ஸ்பிரேயால் மெழுகுப் பூச்சு அடியுங்கள். ஒவ்வொரு பெட்டியின் தாழ்ந்த இடத்திலும், ஸ்பிரிங் ஹேங்கருக்குத் தள்ளி, மடிப்பின் நடுவில் 10 மி.மீ. வடிகால் துளை இருக்க வேண்டும். துளையை மெழுகுக்கு முன்னமே போட்டு, பிசிறு நீக்கி, பிரைமர் தொட்டு வையுங்கள்.

500 கி.மீ. ஓடியபின் ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட், பாடி மவுண்ட் போல்ட் எல்லாம் திரும்ப முறுக்கி, வெல்டிங் ஓரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்டில் முடியளவு கோடு தெரிந்தால் அங்கே சுரண்டிப் பார்க்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்ததும் வடிகால் துளைகளில் கம்பி விட்டு வண்டலைக் குத்தி எடுத்து, உள்ளே தண்ணீர் விட்டு அலசுங்கள்.