ஹாஸ்கெல் நிரலை ஓகேமலுக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முறைப்பாசனக் காலத்தில் எந்த நாளில் எந்த மதகு திறக்கும் என்று கணக்கிடுவதற்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்கால் ஒன்றுக்கு ஹாஸ்கெலில் எழுதியிருந்த சிறு நிரலை அண்மையில் ஓகேமலுக்கு மாற்றினேன். இரண்டும் ஃபங்ஷனல் (ஃபங்ஷன்களை அடிப்படையாகக் கொண்ட) நிரல் மொழிகள்தாமே என்ற துணிவில் வரிக்கு வரி மாற்றியதே முதல் தவறு. தசம எண்களைக் கூட்டும்போது கூட்டல் குறியை அடுத்து வர வேண்டிய புள்ளியை விட்டுவிட்டால், நிரலைக் கணினிக்கேற்ப மொழிபெயர்க்கும் கம்பைலரே பிடித்துவிடும். அது வாய்திறக்காமல் ஏற்றுக்கொள்பவைதான் ஆளைக் கவிழ்க்கின்றன.

ஹாஸ்கெலில் இரட்டைச் சமக்குறி (==) இரு மதிப்புகள் ஒன்றா என்று பார்க்கிறது. ஓகேமலிலோ அதே குறி இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருளா என்று பார்க்கிறது; மதிப்புகளை ஒப்பிட ஒற்றைச் சமக்குறியே வேண்டும். முழு எண்களுக்கு இரண்டு குறிகளும் ஒரே விடையைத் தருவதால், மதகு எண்களை வைத்துச் சோதித்தவரை எல்லாம் சரியாகவே தெரிந்தது. கோப்பிலிருந்து படித்த ‘வெண்ணாறு’ என்ற பெயரும் நிரலுக்குள் இருந்த ‘வெண்ணாறு’ம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தும், இரண்டும் வேறு என்று விடை வந்தது. யூனிகோடில்தான் கோளாறு என்று நம்பி அரை நாளை வீணடித்தேன். வேறுபாட்டைச் சோதிக்கவும் != குறியைத் தவிர்த்து <> குறியையே எழுத வேண்டும்.

அடுத்தது மதிப்பிடும் முறை. கடைமடை கேட்டால்தான் தலைமதகு திறக்கும் என்பதுபோல், ஹாஸ்கெல் தேவைப்படும்போதுதான் கணக்கிடுகிறது. ஆகவே மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 முதல் முடிவின்றி நீளும் நாட்பட்டியலை எழுதிவைத்து, வேண்டிய நாட்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதையே ஓகேமலில் சாதாரண லிஸ்டாக எழுதினால், பட்டியல் முழுவதையும் முதலில் கட்ட முயன்று நிரல் விழுந்துவிடும். தேவைப்படும்போது மட்டும் அடுத்த உறுப்பைக் கணக்கிடும் ‘சீக்’ (Seq) மாட்யூலுக்கு மாற வேண்டும். அங்கும் ஒரு கண்ணி உண்டு: ஹாஸ்கெல் லிஸ்ட் ஒருமுறை கணக்கிட்டதை வைத்துக்கொள்ளும், சீக், கணக்கிட்டதை நினைவில் வைக்கும், ஓகேமல் 4.14 பதிப்பில் வந்த ‘மெமோய்ஸ்’ஐச் (memoize) சேர்க்காவிட்டால், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே கணக்கிடும்.

ஹாஸ்கெலின் ‘இன்டீஜர்’ எவ்வளவு பெரிய எண்ணையும் தாங்கும். ஓகேமலின் ‘இன்ட்’ 64 பிட் கணினியில் 63 பிட் மட்டுமே. மேட்டூரின் 93.47 டி.எம்.சி. கொள்ளளவை லிட்டரில் எழுதினாலும் அதில் அடங்கிவிடும். ஆனால் 21 மதகுகளை எத்தனை வரிசைகளில் திறக்கலாம் என்று கேட்டால், விடை அதில் அடங்காமல் எச்சரிக்கை ஏதுமின்றிக் குறை எண் ஒன்றை விடையாகத் தரும்; அங்கே எவ்வளவு பெரிய எண்ணையும் கையாளும் ‘ஜரித்’ (Zarith) நூலகத்தைச் சேர்க்க வேண்டியதுதான்.